அழுகுணி ஆட்டத் தடுப்பு மென்பொருளும் ஆட்டம் திறவாமையும்: ஓர் ஆய்வு

இணையவழிக் கணினி விளையாட்டு ஒன்றை ஆட உட்கார்ந்தவர், அதன் உள்ளே போகாமலேயே அன்றைய மாலையைக் கழித்துவிட்டு எழும் நிலை இவ்வாய்வில் 'திறவாமை' எனப்படும். ஆய்வு எல்லை விண்டோஸ் கணினிகள் மட்டுமே. கைப்பேசியில் ஆடுவோரை எடுத்துக்கொள்ளவில்லை, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கருதுகோள் ஒன்றுதான்: அழுகுணி ஆடுபவனைப் பிடிக்க வந்த மென்பொருள், ஆடாதவனைத்தான் அதிகம் சந்திக்கிறது.

இதன் வேர் சங்க காலத்தில் இருக்கிறது என்று தொடங்குவதே ஆய்வேட்டு மரபு. சான்று அகப்படாததால் 2000-ஆம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஹாஃப்-லைஃப் ஆட்டத்தில் சுவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்க்கும் வித்தை தெரிந்தவர்கள் பெருகிய அவ்வாண்டில் பங்க்பஸ்டர் என்ற தடுப்பு மென்பொருள் பிறந்தது. 2002-ல் வால்வ் நிறுவனத்தின் வாக், 2004-ல் ஜெர்மனியிலிருந்து பேட்டில்ஐ. பிறகு ஃபின்லாந்துக்காரர்களின் ஈஸி ஆன்டி-சீட். அதை 2018-ல் எபிக் கேம்ஸ் வாங்கிக்கொண்டது.

அழுகுணி நிரல்கள் கணினியின் அடித்தளமான கெர்னலுக்குள் இறங்கின. காவலும் பின்னாலேயே இறங்கியது. வாசலில் நின்ற காவற்காரர் பூசையறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட கதைதான். 2020-ல் வேலரண்ட் ஆட்டத்தோடு வந்த வான்கார்ட் இன்னும் ஒருபடி மேலே போனது. நீங்கள் ஆடப்போகிறீர்களா, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யப்போகிறீர்களா என்று கேட்காமல், விண்டோஸ் எழும்போதே கூட எழுந்தது. வந்த புதிதில் சிலரது கணினியில் வெப்பநிலை பார்க்கும் மென்பொருள், மின்விசிறியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் ஆகியவற்றின் டிரைவர்களையே முடக்கிவைத்தது. அதற்கும் நியாயம் உண்டு. ஓட்டையுள்ள பழைய டிரைவர்கள் வழியாகத்தான் அழுகுணி நிரல்கள் கெர்னலுக்குள் நுழைகின்றன. காவலரே ஓட்டையாவதும் உண்டு: கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தின் தடுப்பு டிரைவரைக் கருவியாக்கி, வைரஸ் தடுப்பைக் கொன்று, கப்பம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பிய கும்பலைப் பற்றி 2022-ல் டிரெண்ட் மைக்ரோ எழுதியது.

இனி சிகிச்சை. இதில் மூன்று பள்ளிகள் இருப்பது கள ஆய்வில் தெரியவந்தது. மறுதொடக்கப் பள்ளியினர் எதற்கும் ரீஸ்டார்ட் என்பர். இவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் தடுப்பு மென்பொருளின் சர்வீஸ் ஓடாமல் நின்றுபோனாலோ, டிரைவர் புதுப்பிக்கப்பட்டு அரைகுறையாக இருந்தாலோ, இவர்கள் சொல்வதே மருந்து. நிர்வாகிப் பள்ளியினர் வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுப்பர், எப்போதாவது பலிக்கும். மறுநிறுவல் பள்ளியினர்தாம் ஆபத்தானவர்கள். பல பத்து ஜிபி ஆட்டத்தை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் இறக்கச் சொல்வர். நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவில் வாழும் விடுதி மாணவர் அதன்பின் ஆட்டத்தை அடுத்த மாதம்தான் பார்ப்பார். அழிக்க வேண்டியது தடுப்பு மென்பொருளை மட்டுமே. வான்கார்டை நீக்கினால் ஆட்டத்தின் லாஞ்சரே அதைத் திரும்ப நிறுவிக்கொள்ளும். ஈஸி ஆன்டி-சீட்டுக்கு ஆட்டக் கோப்புறைக்குள்ளேயே தனி செட்டப் உண்டு. அதில் ரிப்பேர் பொத்தானும் உண்டு. ஸ்டீமில் வாங்கியிருந்தால் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் போதும், கெட்டதை மட்டும் இறக்கும்.

மூன்று பள்ளிகளும் கைவிரிக்கும் இடம் வான்கார்டின் 'வான் 9001', 'வான் 9003' பிழைகள். விண்டோஸ் 11-க்கு மாறியவர்களை இவை பிடிக்கும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்கம் ஆகியவை இயங்கவில்லை என்பதே இவற்றின் பொருள். பிழைச்செய்திகளில் இவ்வளவு நேர்மையானவை அபூர்வம். ஆனால் திருத்தப் போக வேண்டிய இடம் பயாஸ். கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் கதவு திறக்கும். டிபிஎம் அதே பெயரில் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது: ஏஎம்டி பலகையில் எஃப்டிபிஎம், இன்டெல் பலகையில் பிடிடி. எந்த மெனுவுக்குள் என்பது மதர்போர்டு செய்தவருக்கே வெளிச்சம்.

செக்யூர் பூட் வேண்டுமென்றால் சிஎஸ்எம் என்ற பழைய பாணித் தொடக்கத்தை அணைக்க வேண்டும். வட்டு எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், அணைத்த மாத்திரத்தில் விண்டோஸே எழாது. முதலில் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கொண்டு வட்டை ஜிபிடி முறைக்கு மாற்றிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். வட்டுக்கு பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருப்பவர் அதன் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு போவது உத்தமம். இதற்கிடையே லாபியில் நால்வர் காத்திருக்கிறார்கள். "மச்சான், வர்றியா, இல்ல ரேண்டமை ஏத்தட்டுமா?" என்ற வினா ஹெட்போனில் ஒலிப்பதும், ஆய்வாளர் தவறான மெனுவில் தவறான பொத்தானை அமுக்குவதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

கருதுகோளுக்கு வருவோம். 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் கவுன்டர்-ஸ்டிரைக் போட்டி. ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கணினியில் குறிபார்க்க உதவும் நிரல் அகப்பட்டது. கோப்பின் பெயர் 'வேர்ட்'. அணி வெளியேற்றப்பட்டது. அந்த வீரருக்கு ஆட்டம் திறக்கவில்லை என்ற குறை இருந்ததாக எங்கும் பதிவில்லை. இன்றைய அழுகுணிக்காரர் இன்னும் வசதியானவர். காசைக் கொட்டி டிஎம்ஏ அட்டை வாங்கிச் செருகி, நினைவகத்தை இரண்டாவது கணினி வழியே படிக்கிறார். ஆடும் கணினியில் நிரல் எதுவும் இருக்காது. இவரையும் மடக்கத்தான் கெடுபிடிகள் ஏறுகின்றன. 2025-ல் வந்த பேட்டில்ஃபீல்டு 6-உம் செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. டெஸ்ட் மோடில் விண்டோஸை விட்டுவைத்து மறந்தவர், வைரஸ் தடுப்பு எதையோ தனிமைப்படுத்தியது அறியாதவர், அண்ணனின் பழைய கணினியை வாங்கிக்கொண்டவர்: வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தாம். கருதுகோள் நிறுவப்பட்டது. நெறியாளர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் நிறுவப்பட்டது.

ஆகவே வாசகர்களுக்கு: பிழை எண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்ட நிறுவனத்தின் சர்வரே படுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயாஸுக்குள் போகுமுன் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து, செக்யூர் பூட் ஏற்கெனவே இயங்குகிறதா என்று பாருங்கள். "வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு இதை நிறுவு, எல்லா எரரும் போய்விடும்" என்று ஏதோ ஒரு வீடியோவின் கீழே கிடக்கும் கோப்பை மட்டும் தொடாதீர்கள்.