பட்டரவாக்கத்தில் வண்டி ஏன் நிற்கிறது? அனிமேயின் தனி எபிசோடுகள் பற்றிய ஓர் இலக்கண விசாரணை

சென்ட்ரலில் ஏறி ஆவடியில் இறங்குகிறவருக்குப் பட்டரவாக்கம் ஒரு ஃபில்லர். வண்டி நிற்கிறது, அரை நிமிஷத்தில் கிளம்புகிறது, அவர் பயணத்தில் எதுவும் மாறிவிடவில்லை. கொரட்டூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இப்படி ஒரு ஸ்டேஷன் எதற்கு என்று அவர் கேட்கலாம், கேட்பதில்லை. அதே ஆள் கையில் இருக்கும் போனில் ஓடும் அனிமேயில், நாயகன் வில்லனைத் தேடிப் போவதை விட்டுவிட்டு யாரோ ஒரு அம்மாவின் தொலைந்துபோன பூனையைத் தேடக் கிளம்பினால் மட்டும், "ஃபில்லர்டா இது" என்று பத்துப் பத்து விநாடியாகத் தள்ளிவிடுகிறார். ரயிலுக்கு ஒரு நியாயம், கதைக்கு ஒரு நியாயம். கொரட்டூர் முதல் ஆவடி வரை தினமும் நடக்கும் இந்த அநியாயத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை விசாரணைக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. தனித்து நிற்கும் எபிசோடு ஃபில்லர்தானா என்பதே இங்கே கேள்வி. இல்லை என்பது இக்கட்டுரையின் முடிபு. ஆனால் முடிபைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டால் அது ஆய்வாகாது.

முதலில் ஃபில்லர் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும். ஜப்பானில் மாங்கா என்ற சித்திரக்கதை ஒன்று வாரப் பத்திரிகையில் வாராவாரம் இருபது பக்கம் போல வந்துகொண்டிருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சிக்காரர்கள் அதை அனிமேயாக எடுக்கிறார்கள். வரைகிறவர் ஒருவர், விழுங்குகிறவர்கள் பலர் என்பதால் கொஞ்ச நாளில் அனிமே மாங்காவை எட்டிப் பிடித்துவிடும். அப்போது தொடரை நிறுத்தலாம், ஜவ்வாக இழுக்கலாம், அல்லது மூலத்தில் இல்லாததைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது வழிக்குத்தான் ஃபில்லர் என்று பெயர். 2002 முதல் 2007 வரை 220 எபிசோடு ஓடிய முதல் 'நருட்டோ'வில் 135ஐத் தாண்டியபின் ஏறக்குறைய கடைசிவரை இந்த வகைதான். அம்பத்தூரில் பஸ் கண்டக்டர் ஓ.டி. என்று கத்தினால் அது பஸ் ஸ்டாண்டு. அங்கேயே தொழிற்பேட்டைக்குள் அதே ஓ.டி. ஓவர்டைம். ஃபில்லர் இரண்டாவது வகை ஓ.டி. ஆர்டர் வந்தபாடில்லை, மெஷினை நிறுத்தவும் முடியாது, ஷிப்டை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்த வரலாற்றில் 'தனித்து நிற்பது' என்ற சொல்லுக்கு வேலையே வரவில்லை. ஃபில்லரைத் தீர்மானிப்பது அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது. தனிக்கதையைத் தீர்மானிப்பது அது எப்படிக் கட்டப்பட்டது என்பது.

இந்த வேறுபாட்டைச் சொல்ல நாம் ஜப்பான்வரை போகவேண்டியதில்லை. ஃபில்லருக்குத் தமிழில் சொல் இல்லை என்று வருந்துகிறவர்கள் தொல்காப்பியத்தின் இடையியலைப் புரட்டினால் போதும். இடைச்சொல் வகைகளில் ஒன்று இசைநிறை. பொருள் ஒன்றும் தராது. ஓசை குறையும் இடத்தில் வந்து இட்டு நிரப்பும். அதற்குப் பக்கத்திலேயே அசைநிலையும் இருக்கிறது. மேடையில் மைக்கைப் பிடித்ததும் "வந்து... வந்து..." என்று ஆரம்பிப்பவர்கள் இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றி வருகிறார்கள். வாராவாரம் ஒரு நேரத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று வரும் எபிசோடு அச்சு அசலாக இசைநிறைதான். தனி எபிசோடுக்கு வேறு சொல். செய்யுளை வகைப்படுத்தும் தண்டியலங்காரம், முன்னும் பின்னும் எதையும் எதிர்பாராமல் தானே பொருள் முடிந்து நிற்கும் ஒற்றைப் பாட்டை முத்தகம் என்கிறது. பல பாட்டாக நீண்டு செல்வது தொடர்நிலை. இசைநிறை சொல்லதிகாரச் சரக்கு, முத்தகம் அணியிலக்கணச் சரக்கு. ஒன்றை மற்றொன்று என்று சொல்வது புளியை எடைபோட்டுவிட்டு அதைத் துணியின் நீளம் என்று சொல்வது போல. நம் இலக்கணிகள் ஒருவேளை இதை ஒரு வாரம் யோசித்திருப்பார்கள். இணையத் தலைமுறை ஒரு விநாடியில் குழப்பிவிட்டது.

கொள்கை சரி, சான்று வேண்டுமே. முத்தகமும் இசைநிறையும் வேறு என்றால், தனித்து நிற்காத ஃபில்லரும் இருக்கவேண்டும், ஃபில்லராகாத தனிக்கதையும் இருக்கவேண்டும். முதல் வகைக்கு 'ப்ளீச்'. அதில் 64ஆம் எபிசோடில் தொடங்கும் பவுன்ட் கதை நாற்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் நீள்கிறது. மாங்காவில் அது இல்லை. ஆனால் ஒரு வாரம் விட்டால் மறுவாரம் புரியாத அளவுக்குத் தொடர்கதை. சுத்தமான ஃபில்லர், துளியும் முத்தகம் அல்ல. இன்னும் பக்கத்தில் சான்று வேண்டுவோர் இரவு ஏழு மணிக்குமேல் எந்தத் தமிழ்த் தொலைக்காட்சியையும் போட்டுப் பார்க்கலாம். மாமியார் ஒரு வார்த்தை சொல்கிறாள். இடி இடிக்கிறது. மருமகள் முகம், நாத்தனார் முகம், மாமனார் முகம், சமையல்கட்டில் நிற்கும் வேலைக்காரம்மா முகம் என்று காமிரா ஒரு சுற்று வருகிறது. திரும்ப இடி, திரும்ப ஒரு சுற்று. விளம்பரம் முடிந்து வந்தால் அதே வார்த்தை, அதே இடி. இதில் ஒரு விநாடிகூடக் கதையைவிட்டு வெளியே போகவில்லை, எல்லாமே மூலக்கதை, எதுவும் நடக்கவும் இல்லை. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகக் கூறியது கூறலைத் தனியாக எண்ணி வைத்தது இதற்காகத்தானோ என்னவோ. 'டிராகன் பால் ஸீ'யில் ஐந்து நிமிஷத்தில் வெடிக்கப் போவதாகச் சொல்லப்பட்ட கிரகம் பல வாரம் வெடிக்காமல் நின்றதும் இந்த வகைதான். நிரப்புவதற்கு வெளியிலிருந்து மண் கொண்டுவரவேண்டும் என்பதில்லை. உள்ளே இருப்பதையே ஊறவைத்தும் நிரப்பலாம்.

இரண்டாவது வகைக்குச் சான்று தேடுவது இன்னும் எளிது, ஆனால் இங்கேதான் எதிர்ப்பக்கம் எழுந்து நிற்கும். மூலத்தில் இல்லாதது எல்லாம் ஃபில்லர், இதுதான் உலகம் ஒப்புக்கொண்ட வரையறை, நீர் என்ன புதிதாகச் சொல்ல வந்தீர் என்பார்கள். அந்த வரையறையை அப்படியே ஏற்றுக்கொண்டு நடந்து பார்ப்போம். ஷினிச்சிரோ வதனபே இயக்கி 1998இல் வந்த 'கௌபாய் பீபாப்' 26 எபிசோடு, பெரும்பாலானவை தனிக்கதைகள். அது மாங்காவிலிருந்து எடுத்ததல்ல. மூலமே இல்லாத இடத்தில் மூலத்தில் இல்லாதது எது? இந்த அளவுகோலின்படி 26உம் ஃபில்லர், அல்லது ஒன்றுமே இல்லை. பூனை விவகாரத்துக்கு வருவோம். நருட்டோவும் தோழர்களும் ஒரு பிரபுவின் மனைவியுடைய பூனையைத் தேடிப் பிடிக்கும் வேலை மாங்காவிலேயே இருக்கிறது. ஃபில்லர் என்று தள்ளியவர் மூலத்தைத் தள்ளிவிட்டார். இந்தப் பக்கம் கம்பரைக் கொண்டுவந்து நிறுத்தினால் வரையறை முற்றாகச் சரியும். யுத்த காண்டத்தில் போர் தொடங்குவதற்கு முன், வீடணன் இராவணனுக்கு இரணியன் கதையைச் சொல்கிறான். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். வான்மீகியில் இது இல்லை. கதையின் உச்சத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, வேறொரு யுகத்தின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறார் கம்பர். இன்றைய அளவுகோலின்படி தமிழின் மாபெரும் ஃபில்லர் அதுதான். அரங்கேற்றத்தின்போது திருவரங்கத்து மேட்டழகிய சிங்கர் அந்த இடத்தில்தான் தலையசைத்து ஆமோதித்தார் என்பது ஐதிகம். பத்து விநாடி தள்ளிவிடவில்லை.

எட்டிப் பிடித்த பிறகு சொந்தமாக எழுதிக்கொள்வது ஜப்பானியரின் கண்டுபிடிப்பும் அல்ல. 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் மாதாமாதம் வந்தார்கள். மூலத்தில் வேதாளக் கதைகள் இருபத்தைந்து. மாதம் ஒன்று வீதம் போட்டால் இரண்டு வருஷம் ஒரு மாசத்தில் கடை காலி. ஆனால் பதிற்றாண்டுகள் கடந்தும் வேதாளம் முருங்கை மரத்திலிருந்து இறங்கியபடியும் ஏறியபடியும் இருந்தது, ஏனென்றால் கதைகளை ஆசிரியர் குழு புதிதாகப் புனைந்துகொண்டே இருந்தது. கே.சி. சிவசங்கரன் என்ற சங்கர் வரைந்த அந்தப் படம், வாளேந்திய ராஜாவும் தோளில் பிணமும், மாறவேயில்லை. கதை மட்டும் மாதாமாதம் மாறியது. ஒவ்வொன்றும் தனிக்கதை, மூலத்தில் இல்லாதது, பக்கத்தை நிரப்பியாகவேண்டிய கட்டாயத்தில் பிறந்தது. ஃபில்லரின் எல்லா அங்க லட்சணமும் பொருந்தியும் ஒரு வாசகரும் அதை அப்படிச் சொன்னதாக வழக்கு இல்லை. அவர்கள் பத்திரிகை வந்ததும் முதலில் புரட்டிய பக்கங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. மூலம் கிடக்கட்டும், கதை நகர்கிறதா என்று பாருங்கள், எடுத்துவிட்டால் எதுவும் குறையாதது ஃபில்லர் என்பார்கள். வேதாளத்திடமே இந்தக் கத்தியைக் கொடுப்போம். கதையை நகர்த்தாததை எல்லாம் வெட்டினால் மிஞ்சுவது என்ன? ஒரு ராஜா மரத்திலிருந்து பிணத்தை இறக்கிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனான். முடிந்தது. வெட்டிய பகுதிதான் நூல். மிஞ்சியது அதைக் கட்டிய சணல். யுகி உருஷிபராவின் மாங்காவை ஒட்டி 2005இல் தொடங்கிய 'முஷிஷி'யும் இதே கட்டுமானம். கின்கோ என்ற நாடோடி வைத்தியன் ஒரு ஊருக்கு வருகிறான், கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் வந்த ஒரு நோவைப் பார்க்கிறான், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். 26 எபிசோடு. நகர்வதற்கென்று ஒரு பெருங்கதை கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழிலேயே பார்த்து வளர்ந்த 'டோரேமான்' வேறென்ன? நோபிட்டா அழுவான், பையிலிருந்து ஒரு சாதனம் வரும், அதனால் வேறொரு சங்கடம் வரும். 1969 முதல் ஜப்பானில் ஓடிக்கொண்டிருக்கும் 'சஸாயே சான்' தனிக்கதைகளாலேயே உலகின் மிக நீண்டகால அனிமேஷன் தொடர் என்று கின்னஸில் ஏறியது. இவற்றை ஃபில்லர் என்றால் நிரப்பப்பட்ட பாத்திரம் எது என்று காட்டவேண்டும். பாத்திரத்தைக் காட்ட முடியாதவர் நிரப்பியதைப் பற்றிப் பேசக்கூடாது.

பட்டரவாக்கத்துக்குத் திரும்புவோம். காலை ஷிப்டு நேரத்தில் அந்த ஸ்டேஷனில் நடப்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வண்டி முழுசாக நிற்பதற்குள் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் குதிக்கிறார்கள். டிபன் பையை மார்போடு அணைத்தபடி ஒரு கூட்டம் 1964இல் உருவான தொழிற்பேட்டையை நோக்கி நடக்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆவடிக்காரருக்கு இது நிற்கத் தேவையில்லாத இடம். இறங்கியவர்களுக்கு இதுதான் ஊர். சில வேக வண்டிகள் நிற்காமல் போவதும் உண்டு. அதனால் அந்த ஸ்டேஷன் பொய்யாகிவிடவில்லை. 'கதை நகரவில்லை' என்று புகார் செய்கிறவர் உண்மையில் சொல்வது, தான் இறங்கவேண்டிய இடம் இது இல்லை என்பதைத்தான். அது நியாயமான தகவல், ஆனால் அவரைப் பற்றியது. ஸ்டேஷனைப் பற்றியது அல்ல.

தனி எபிசோடுகளில் பல படுமோசம் என்ற வாதமும் உண்டு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். தொடர்கதைகளிலும் பல படுமோசம். மோசம் என்பது மூன்றாவது அளவுகோல், அதை வேறொரு கட்டுரையில் அளந்துகொள்ளலாம். இந்த ஆய்வு இரக்கமில்லாமல் கைகழுவிவிடுவது ஒரே ஒரு வகையைத்தான்: முந்தைய காட்சிகளையே வெட்டி ஒட்டி, நடுவில் நாயகன் நெருப்பு மூட்டி உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பதாகக் காட்டும் நினைவலை எபிசோடு. அது முத்தகமும் அல்ல; இசைநிறை என்று சொன்னால் இசைநிறை கோபித்துக்கொள்ளும்.

கோபம் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. இதுவரை வாதம் முழுக்க, ஃபில்லர் என்பது ஏதோ வசவு போலவும், தனி எபிசோடுகளை அதிலிருந்து மீட்கவேண்டும் என்பது போலவும் வந்துவிட்டது. தொல்காப்பியர் இசைநிறையைத் திட்டவில்லை, வகைகளில் ஒன்றாக வரிசையில் உட்காரவைத்தார். அதைப் பிடுங்கினால் அடி நொண்டும். பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, வேஷக்காரர் இன்னும் கட்டை கட்டி முடிக்காத நேரத்தை யார் நிரப்புகிறார்? கட்டியக்காரன். வியாசரின் பாரதத்தில் அப்படி ஒரு ஆள் இல்லை. துரியோதனனையே கேலி செய்வான், ஊர்ப் பஞ்சாயத்தை இழுப்பான், முன்வரிசையில் தூங்குகிற கிழவரை எழுப்புவான். நடுராத்திரிக்கு மேல் கூட்டம் விழித்திருப்பது அவனை நம்பித்தான்.

ஆகவே கடைசியாக, இரண்டு குற்றச்சாட்டும் ஒருங்கே பொருந்தும் ஒரு வழக்கையும் விசாரித்துவிடலாம். 'டிராகன் பால் ஸீ'யின் 125ஆம் எபிசோடு. மூலத்தில் இல்லை, தனிக்கதை. அடுத்த பெரும்போருக்கு மூன்று வருஷம் இருக்கிறது. கிரகங்களையே உடைக்கக்கூடிய நாயகன் கோகுவை, வானத்தில் பறக்கத் தெரிந்த கோகுவை, மனைவி சீ சீ டிரைவிங் லைசென்ஸ் எடுத்து வா என்று விரட்டுகிறாள். கூடவே சக வீரன் பிக்கோலோவும் போகிறான். இருவரும் டிரைவிங் ஸ்கூலில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறார்கள். லைசென்ஸ் கிடைக்காமலே கதை முடிகிறது. மறுவாரம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இது முத்தகமும்தான், இசைநிறையும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு என்பதை நூறு எபிசோடு அடிதடி சொல்லாத அளவுக்கு இது சொல்லிவிடுகிறது. டி.என். 12 பூந்தமல்லியிலும் டி.என். 13 அம்பத்தூரிலும் டூவீலர் லைசென்ஸுக்குப் போகிறவர்களுக்கு இந்த எபிசோடை விளக்கவேண்டியதில்லை. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போடச் சொல்வார்கள். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும் பயணம். ஒரு அடிகூட எங்கும் போய்ச் சேர்வதில்லை. அதை மட்டும் விட்டுவிட்டு நேராக ரோட்டுக்குப் போய்விடுகிறேன் சார் என்று ஆய்வாளரிடம் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.