லிபெர்த்தாவில் நுரையும் பருவமும்: பனங்கள்ளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

இத்தாலியின் 2016ஆம் ஆண்டு 154ஆம் இலக்கச் சட்டத்தின் 35ஆம் பிரிவு கள்ளைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சட்டத்தை இயற்றிய ரோமாபுரி நாடாளுமன்றத்துக்கு இது தெரியாது. 1980கள் தொட்டுப் பலேர்மோவுக்கு வந்து குடியேறிய ஈழத்தமிழருக்கும் தெரியாது. அறியாமை இரு தரப்பிலும் சரிசமமாக இருப்பதால் ஆய்வாளருக்கு வேண்டிய நடுநிலை தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆய்வுக்களம் பலேர்மோவின் லிபெர்த்தா. 1848இல் போர்பன் அரசருக்கு எதிராகச் சிசிலி கிளர்ந்தெழுந்த ஆண்டில் திட்டமிடப்பட்ட நெடுவீதி இது. ஒருகாலம் இருபுறமும் மாளிகைகள். 1950களிலும் 60களிலும் அவற்றில் பலவற்றைத் தரைமட்டமாக்கி அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பசிலே அமைத்த வில்லா தெலியெல்லாவை 1959 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இடிக்கத் தொடங்கினார்கள். திங்கள்வரை பொறுத்தால் யாராவது தடையுத்தரவோடு வந்துவிடுவார்கள் அல்லவா? அந்த அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பார்க்கவும் போய்வருகிறவர்களில் நம்மவர் கணிசம். பின்னேரம் அவர்கள் வேலை முடித்துப் படியிறங்கும் நேரத்தில்தான் கீழே பியர்க் கடைகள் கதிரைகளை வெளியே போடும். இதைவிட வசதியான ஆய்வுகூடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ‘பிர்ரா ஆர்த்திஜனாலே’, அதாவது கைவினை பியர், என்று ஒன்றை அழைக்க வேண்டுமானால் அதைச் சூடேற்றிப் பாஸ்டர் முறையில் பதப்படுத்தக்கூடாது. நுண்வடிகட்டலும் கூடாது. செய்கிறவர் வேறு எந்த ஆலைக்கும் கட்டுப்படாத சிறு உற்பத்தியாளராக இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தி 2,00,000 ஹெக்டோலீற்றரைத் தாண்டக்கூடாது. நிபந்தனைகள் இவ்வளவே.

யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளியை இந்த அளவுகோலின் முன் நிறுத்திப் பார்த்தோம். சூடேற்றல்: வெயிலைத் தவிர வேறில்லை. வடிகட்டல்: மிதக்கும் தேனீயையும் எறும்பையும் பன்னாடையால் அரிப்பதை எந்த நீதிமன்றமும் நுண்வடிகட்டல் என்று ஏற்காது. பிற ஆலைக்குக் கட்டுப்படாமை: பனையின் உச்சியில் அவருக்குக் கட்டளையிட எவரும் கூட ஏறுவதில்லை. உற்பத்தி அளவைச் சற்று நின்று கணக்கிட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 2 கோடி லீற்றர். ஒருவர் நாளொன்றுக்கு 50 லீற்றர் இறக்குகிறார் என்று தாராளமாக வைப்போம்; பருவம் 200 நாள் என்றும் வைப்போம். ஆண்டுக்கு 10,000 லீற்றர். அந்த ஓராண்டு வரம்பின் அளவைத் தொட அவர் 2,000 ஆண்டுகள் இடைவிடாமல் ஏற வேண்டும். அதாவது சங்க காலத்தில் தொடங்கி இன்றுவரை இறக்கியதையெல்லாம் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதினால்தான் இத்தாலியச் சட்டத்தோடு அவருக்குச் சிக்கல் வரும்.

சங்க காலம் என்றதும் ஒரு மேற்கோள் தேடாமல் தமிழ் ஆய்வுக்கட்டுரை நிறைவுறாது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறை சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, புற்றாஞ்சோறு போன்ற அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் பிழிந்து, சுட்ட மீனோடு பரிமாறுகிறார்கள். மூலப்பொருள், பாத்திரம், நாட்கணக்கு, தொட்டுக்கொள்ள என்ன என்பது வரைக்கும் அதில் உண்டு. லிபெர்த்தாவில் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பதும் இவற்றைத்தான்.

அடுத்தது நேர்காணல். தகவலாளர் வடமராட்சிக்காரர், அறுபதைக் கடந்தவர், இங்கே ஒரு மாடிவீட்டில் மூதாட்டி ஒருவரைப் பராமரிப்பவர். மாசி மாதத்தில் ஒரு மாலை, அவரை ஒரு பியர்க் கடைக்கு அழைத்துப் போய்ப் பருவ பியர் ஒன்றை முன்னால் வைத்தோம். பலேர்மோவின் சாக்குல்லி மண்டரின் தோடம்பழம் குளிர்கால முடிவில்தான் பழுக்கும். அதன் தோல் சேர்த்த புளிப்பு பியர் அது. பரிமாறிய இளைஞர், வடிகட்டாதது, காட்டு ஈஸ்ட்டில் நொதித்தது, பருவம் போனால் கிடைக்காது என்று கைகூப்பாத குறையாக விளக்கினார். தகவலாளர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தார். கலங்கல் வெள்ளை. மணந்தார். ஒரு மிடறு இழுத்து நாக்கில் வைத்திருந்து விழுங்கினார்.

“என்னண்ணை, எப்பிடி?”

“தம்பி, உது நேற்றையான் கள்ளு. பின்னேரம் இறக்கினதை அடுத்தநாள் மத்தியானம் கொண்டந்து தந்திருக்கிறாங்கள்.”

விலையைச் சொன்னோம். அவர் கிளாஸை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார்.

அவர் தீர்ப்புக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. பனம்பாளையிலிருந்து சொட்டும் இனிப்புச் சாறு முட்டிக்குள் விழுந்த கணமே காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். கூடவே லாக்டிக் அமில பக்டீரியாக்கள் புளிப்பேற்றும். முட்டியில் சுண்ணாம்பு தடவியிருந்தால் இந்த நொதிப்பு தடைப்பட்டுக் கருப்பநீர், தடவாவிட்டால் கள். பெல்ஜியப் புளிப்பு பியர்களில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்திருந்து வரவழைக்கும் குணத்தைப் பனை ஒரு பகலில் தந்துவிடுகிறது. அவசரக்காரருக்கான மரம் அது.

பருவம் என்ற சொல்லையும் விசாரிக்க வேண்டும். பவேரியாவில் 1553இல் கோமகன் ஒருவர் ஏப்ரல் 23 முதல் செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சத் தடை போட்டார்; கோடைச் சூட்டில் பியர் கெட்டுப்போனதே காரணம். மார்ச்சில் காய்ச்சிக் குளிர் நிலவறையில் சேமித்தார்கள். இன்று குளிர்பதனம் வந்து அந்தக் காரணம் செத்துவிட்டது, பெயர்ப்பட்டி மட்டும் உயிரோடிருக்கிறது. நத்தார் பியரை ஆனியில் காய்ச்சினாலும் தடுக்க ஆளில்லை. பனையிடம் இந்தச் சித்துவேலை பலிக்காது. பாளை வரும்போதுதான் வரும். எந்தக் கோமகனின் ஆணைக்கும் அது முந்தியதோ பிந்தியதோ இல்லை.

மறுப்புகளையும் நேர்மையாகப் பதிவு செய்கிறோம். முதலாவது, தமிழ்க் கடைகளில் போத்தலில் கிடைக்கும் கள். கடல் கடந்து வர வேண்டிச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டதால் 35ஆம் பிரிவின்படி அது தகுதி இழக்கிறது, சுவையின்படியும்தான். இரண்டாவது மறுப்பு கனமானது. இத்தாலியின் 1962ஆம் ஆண்டுப் பியர்ச் சட்டம் முளைவிட்ட பார்லிக்குப் பதிலாகப் பிற தானியங்களை அதிகபட்சம் 40 வீதமே அனுமதிக்கிறது. கள்ளில் பார்லி ஒரு மணிகூட இல்லை. ஆகவே கள் கைவினையே, ஆனால் பியர் அல்ல. கருதுகோளின் பாதி இங்கே உதிர்கிறது. தமிழ்நாட்டில் முழுவதும் உதிரும். அங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. ஆலை பியரை மட்டும் அரசே கடை திறந்து விற்கிறது.

சிசிலிக்கும் நமக்கும் கூட்டுறவிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 1923இல் தொடங்கிய மெசீனா பியர் ஆலை உரிமை கைமாறிக் கடைசியில் மூடப்பட்டபோது, 15 தொழிலாளர் தங்கள் பணிநீக்கப் பணத்தைப் போட்டுக் கூட்டுறவு ஆலை அமைத்து 2016இல் சொந்த பியரை வெளியிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தவறணைகளை நடத்திவருகிறார்கள். மெசீனாக்காரர்களின் கதையைச் செய்தித்தாள்கள் கொண்டாடின.

இங்குதான் இரு பானங்களுக்கும் உண்மையான வேறுபாடு தென்படுகிறது. கலங்கல், புளிப்பு, ஈஸ்ட், பருவம் எதிலும் இல்லை அது. லிபெர்த்தாவில் காய்ச்சியவரின் பெயர் போத்தலில் அச்சாகிறது. சில கடைகளில் படமும் தொங்குகிறது. ஏறி இறக்கியவரைத் தீண்டாமல் அவர் இறக்கியதை மட்டும் தீண்டிய ஊர் நம்முடையது. வேலிக்கு வெளியே நின்று ஊற்றச் சொன்னவர்களின் பிள்ளைகள்தாம் இப்போது வடிகட்டாத பியரின் அடர்த்தியைப் பற்றி முகநூலில் எழுதுகிறோம். எழுத்துநடை நன்றாகவே இருக்கிறது.

முடிவுகளை உறுதிசெய்ய மேலதிகக் களத்தரவு வேண்டும். ஊருக்குப் போகிற வாசகர்கள் பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில் போகவும். காலையில் இறக்கியதைக் காலையிலேயே, பிளாஸ்டிக் கோப்பையில் அல்ல, பிளாவில் வாங்கிக் குடிக்கவும். மோட்டார் சைக்கிளை வேறொருவர் ஓட்டட்டும். திரும்பும்போது சீவியவரின் பெயரை முழுதாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.