விழியாக் கணினியும் வெள்ளை ரப்பரும்: ஒரு மதுராந்தக ஆராய்ச்சி

மதுராந்தகத்தில் பத்திரம் அடித்துத் தரும் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளின் பின்மூலையிலும் குடியிருக்கும் பழைய மேசைக்கணினி ஒரு நாள் காலையில் கண் விழிக்க மறுக்கிறது. பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, திரை மட்டும் அமாவாசையாக இருக்கிறது. ஊரார் சிபியு என்று அழைக்கும் அந்தத் தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே "போர்டு போச்சு" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. இத்தீர்ப்பு பிழை என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். இந்த நிலையில் கணினியின் உறுப்புகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிருக்கிறது. விசிறியே சுற்றாத கணினி நம் எல்லைக்கு வெளியே. அதற்கு எஸ்எம்பிஎஸ் சாத்திரம் தனியாக உண்டு: 24 முனை இணைப்பியில் ஒற்றையாக இருக்கும் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்துப் பார்ப்பதில் அது தொடங்குகிறது.

காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளாலும் நம் கொள்கையை நிறுவலாம். முதலில் காட்சி. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அமுக்கி மிச்சக் கரண்டை வடித்துவிட்டு, ரேமின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கி, பலகையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பொன்னிறமாக இருக்க வேண்டிய விளிம்பில் புகை படிந்த குத்துவிளக்கின் நிறம் தெரியும். பள்ளிப் பிள்ளையின் அழிரப்பரால் அதை நீளவாக்கில் தேய்த்து, தூளை ஊதாமல் துணியால் துடைத்து (ஊதினால் எச்சில் படும், எச்சில் இன்னொரு ஈரம்), கொக்கி "டக்" என்று விழும்வரை அழுத்தினால் திரை வெளுக்கிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை, எதையும் மாற்றவில்லை. உறுப்பு செத்திருந்தால் ரப்பருக்கா உயிர்த்தெழும்?

அடுத்து கருதல். 2004இல் வந்த எல்ஜிஏ 775 வகைப் பிராசஸர், பெயருக்கேற்ப 775 முனைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிடிஆர்2 ரேம் ஒன்றுக்கு 240 முனைகள். மின் இணைப்பியில் 24, பிராசஸருக்கான துணை இணைப்பியில் 4. கூட்டினால் 1,043. இவற்றில் எதுவும் ஈயம் வைத்து ஒட்டியதல்ல, எல்லாம் அழுத்தத்தில் நிற்பவை. மாமல்லபுரம் பக்கம் உப்புக் காற்று, மதுராந்தகத்தில் ஏரிக் காற்று, இரண்டிடத்திலும் ஐப்பசி மழை. பகலில் சூடாகி விரிந்து இரவில் குளிர்ந்து சுருங்கும் ஆயிரம் சந்திகளில் ஒன்றாவது தளரும் என்று எதிர்பார்ப்பதே முறை. ஏரி வேலை தெரிந்தவர்களும் கசிவைத் தேடினால் முதலில் மதகோரம்தான் போய்ப் பார்ப்பார்கள்; மண்ணும் கட்டடமும் சேரும் இடம் அது.

மூன்றாவது உரை, அதாவது கணினியின் சொந்த வாக்குமூலம். திரை இல்லாதபோது அது பீப் ஒலியால் பேசும். அவார்டு பயாஸ் மரபில் நெடில் மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால் ரேம் தொடர்பு கெட்டது என்று பொருள். ஒரு நெடிலும் இரு குறிலும் ஒலித்தால் திரை அட்டையின் சிக்கல். நெடில் தனித்து வந்தால் நேர், குறில் இணைந்து வந்தால் நிரை; ஆகவே நேர் நிரை, கூவிளம். பயாஸ் எழுதியவர்கள் வாய்பாடு பார்த்துத்தான் அமைத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. ரேம் முழுவதையும் கழற்றிவிட்டு இயக்கிப் பார்ப்பது இன்னும் வலுவான சோதனை. அப்போது பீப் என்று புலம்பினால் போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன. போனதாகச் சொல்லப்பட்ட போர்டே வந்து சாட்சி சொல்கிறது.

இனி மறுப்பாளர்கள். பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின்பு களைவதை நன்னூல் எழுவகை மதங்களுள் ஒன்றாக வைத்திருப்பது நமக்கு வசதி. பெட்டியின் விலாவில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்பார் ஒரு சாரார். தட்டினால் சில நேரம் வருகிறது, உண்மை. தளர்ந்த சந்தி அசைந்து ஒட்டிக்கொள்வதால் வருகிறது. ஆக அவர்கள் நம் கட்சிக்காரர்களே, கை மட்டும் கொஞ்சம் நீளம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததும் ஓடியது என்பாருக்கும் இதே விடை: ஆண்டில் அன்று ஒரு நாள்தான் பெட்டி நகர்த்தப்பட்டுத் தூசி தட்டப்படுகிறது. கெப்பாசிட்டர் உப்பலைக் காட்டுவோருக்கு மட்டும் நாம் பணிந்தாக வேண்டும். 1999 முதல் 2007 வரையான காலத்துப் போர்டுகள் பலவற்றில் மட்டமான மின்பகுபொருள் அடைத்த கெப்பாசிட்டர்கள் இருந்தன. அவற்றின் தட்டையான தலை பூரி போல எழும்பி, மேலே கீறிய கோட்டில் பழுப்பு நீர் கசிந்திருந்தால் ரப்பர் உதவாது. இதை நம் கோட்பாட்டின் வழுவமைதியாகக் கொள்க.

ஓடத் தொடங்கிய பிறகு பெருமை யாருக்கு என்பது கடைசிச் சிக்கல். இதற்கு ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1790களில் ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, மழை இரவில் உடையவிருந்த ஏரிக்கரையை வில்லேந்திய இருவர் காத்து நின்றதைக் கண்டதாக ஏரி காத்த ராமர் கோயில் வரலாறு சொல்கிறது. ராமருக்குப் பெயர் கிடைத்தது, தாயார் சந்நிதித் திருப்பணியால் துரைக்கும் பெயர் கிடைத்தது. கரைக்கு மண் சுமந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று எழுதும்போது ரப்பருக்கு நேர்வதும் அதுவே.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: போர்டு மாற்றச் சம்மதிக்கும் முன் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள். வெள்ளை ரப்பராக எடுங்கள். பேனா மை அழிக்கும் நீல முனை வேண்டாம். அது சொரசொரப்பானது, தங்கப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.