எறும்பு அண்ணாச்சி

ஜூன் மாதத்து முதல் மழை அடித்து ஓய்ந்ததும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தாட்பத்ரி எங்கே கிழிந்திருக்கிறது, தகரம் எந்த மூலையில் ஒழுகுகிறது என்ற கவலை அவர்களுக்கு. ஒருவர் மட்டும் தெருவிளக்கின் அடியில் குனிந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருப்பார். ஒரு கையில் மொபைல் டார்ச், மறு கையில் கண்ணாடிக் குழாய். எதையோ தொலைத்துவிட்டார் போல என்று புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்தில் போய் விசாரிப்பார்கள். பழகியவர்கள் விசாரிக்கமாட்டார்கள். விசாரித்தால் சாப்பாட்டு நேரம் வரை விடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவரை எறும்பு அண்ணாச்சி என்பார்கள். இவர் ஒரு தனி ஆள் என்றாலும் ஒரு வகையும்கூட. தாராவியிலும் செம்பூரிலும் இப்படி ஒருவரை நீங்களும் பார்த்திருக்கலாம். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கேம்ப்பில் புறா வளர்ப்பவர் உண்டு, சேவல் வளர்ப்பவர் உண்டு, மாளாவில், அதாவது மாடித்தட்டில், ஆட்டைக் கட்டிவைத்து அது இரவெல்லாம் கத்துவதை நமக்கும் பங்கு வைப்பவர் உண்டு. புறா என்றால் பந்தயம், சேவல் என்றால் குழம்பு என்று ஊர் புரிந்துகொள்ளும். எறும்பு எதற்கு? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையான ஒரு கோலியில் ஐந்து பேர் காலை மடக்கிப் படுக்கிற வீட்டில், ஒரு அலமாரித் தட்டு முழுவதையும் எறும்புக்கு ஒதுக்கிய மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதல் மழைக்குக் காரணம் இருக்கிறது. கட்டெறும்புப் புற்றிலிருந்து இறக்கை முளைத்த ராணிகளும் ஆண்களும் அந்தச் சமயத்தில்தான் பறந்து வெளியே வரும். கூடியதும் ஆண் செத்துப்போகும். ராணி தரையில் இறங்கி, இனி வேண்டாம் என்று இறக்கையை உதறிவிட்டு, பொந்து தேடி நடக்கும். அந்த நடையில்தான் அண்ணாச்சி அதைப் பிடிக்கிறார். பக்கத்தில் நிற்கும் பையன், "ஈசலா அண்ணாச்சி? வறுத்தா நல்லாருக்கும்" என்றால் தொலைந்தான். "ஏல, ஈசல் கறையான் வம்சம். கறையானுக்குச் சொந்தம் கரப்பான். எறும்புக்குச் சொந்தம் குளவியும் தேனீயும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத" என்று ஆரம்பித்து, மறுபடி மழை பிடிக்கும் வரை நடக்கும் அந்த வகுப்பு.

பிடித்த ராணியைச் சோதனைக் குழாயில் குடிவைப்பார். குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. குழாய்களை பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் வாங்குகிறார். எந்த காலேஜ் லேப்புக்கு என்று கடைக்காரர் கேட்டபோது, "லேபர் கேம்ப்" என்றாராம். மேலே சிவப்பு ஜிகினாத் தாள் சுற்றுவார். சிவப்பு வெளிச்சம் எறும்புக்கு ஏறக்குறைய இருட்டு. நாம் பார்க்கலாம், அதற்குப் பார்ப்பது தெரியாது. பெட்டியின் விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிவிட்டால் எறும்பு வழுக்கி விழும், வெளியே ஏறாது. வீட்டில் பவுடர் டப்பா வாங்கிய வாரமே தீர்ந்துபோகும் மர்மம் இப்படித்தான் விளங்கியது என்று அவர் மனைவி சொன்னார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அண்ணாச்சியைச் சொல்லி முடியாது. ராணி குழாய்க்குள் அடைந்த பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் எதுவும் தின்னாது. பறக்க உதவிய தசைகளையே கரைத்து, அந்தச் சத்தில் முதல் ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்கும். அண்ணாச்சி இதைக் கண் கலங்கி விவரித்தபோது, அந்த அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடியே, "எனக்கு மூணு பிரசவம் ஆச்சு. ஒரு தடவையாவது இப்படி உக்காந்து பாத்திருப்பீயளா?" என்று கேட்டார். அண்ணாச்சியிடம் பதில் இல்லை. வேலைக்கார எறும்பு அத்தனையும் பெண்தான், ஆண் ஒரு துரும்பைக்கூடத் தூக்காது என்ற தகவலையும் அவரே ஒருநாள் வாயைக் கொடுத்துச் சொல்லிவிட்டார். "இதைக் கண்டுபிடிக்கக் குழாய் வேற வாங்கணுமாக்கும். விடியக்காலம் தண்ணி லைனைப் போய்ப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

அக்கம்பக்கத்தின் எதிர்ப்பு வேறு ரகம். இந்தச் சாலில் எந்த வாசலிலும் எறும்பு மருந்துச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கும். அண்ணாச்சி வீட்டு வாசலில் மட்டும் கிடையாது. எதிர்வீட்டு ஆச்சி தன் சர்க்கரை டப்பாவில் ஓர் எறும்பைக் கண்டால்கூட, அதை ஒரு தாளில் ஏந்திக் கொண்டுவந்து, "ஒம்ம ஆளு வந்துட்டான்வே, பிடியும்" என்று நீட்டுவார். "இது என் ஆளு இல்ல ஆச்சி. என்னுது கட்டெறும்பு, இது பிள்ளையார் எறும்பு" என்று அண்ணாச்சி மன்றாடுவார். ஆச்சிக்கு எறும்பு எறும்புதான். எறும்பு தின்றால் கண் தெளியும் என்று சொல்லி, எறும்பு மிதக்கும் காபியை நம்மையெல்லாம் குடிக்கவைத்த தலைமுறை அது. பக்கத்துத் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒடியாக்காரப் பையன் இதற்கும் ஒரு படி மேலே. முசுறு எறும்பையும் அதன் முட்டையையும் அரைத்துச் செய்யும் சிமிலிபால் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது என்று சொல்லி, குழாய்களை அவன் பார்த்த பார்வை அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அலமாரிக்குப் பூட்டு.

பக்தி வழியாக வருகிறவர்களைச் சமாளிக்க அவரிடம் சரக்கு உண்டு. திருச்சி பக்கம் திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பாக வந்து சிவனைக் கும்பிட்டார்கள் என்றும், அவர்கள் வழுக்காமல் ஏறட்டும் என்று லிங்கமே சாய்ந்துகொடுத்தது என்றும் கோயில் கதை. சபை மூப்பர் வந்தால் வேறு ஏடு: நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தில் சோம்பேறியை சாலமோன் எறும்பிடம்தானே பாடம் படிக்க அனுப்புகிறார்? படித்தவர்கள் வந்தால் பம்பாய்ச் சரித்திரம். "நான் என்ன புதுசாவா பண்ணுதேன்? இதே பம்பாயில 1883-ல இயற்கை வரலாற்றுக் கழகத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் எய்ட்கென் துரை. சுங்க இலாகாக்காரர். வீட்டுக்குள்ள திரியுற எலி, பல்லி, எறும்பு எல்லாத்தையும் வச்சு அதே வருசம் சிரிப்பா ஒரு புஸ்தகம் போட்டாரு. ராட்டன்னு ஒரு ஃபாரஸ்ட் ஆபீசர் 1892-ல 'நம் எறும்புகள்'னு அந்தக் கழகத்துப் பத்திரிகையில எழுதினாரு. அவங்களுக்குப் பங்களா இருந்துச்சு, எனக்கு அலமாரி. அம்புட்டுதான் வித்தியாசம்."

உண்மையைச் சொன்னால், அண்ணாச்சி எறும்பு வளர்க்கத் தொடங்கியது விஞ்ஞானத்துக்காக அல்ல, மருமகனுக்காக. மருமகன் என்றால் அக்கா மகன். வேலை தேடி ஊரிலிருந்து வந்தவன். தேடலைப் படுத்த வாக்கில் மொபைலில் நடத்துகிறவன். "எறும்பைப் பாரு, ஒரு நிமிசம் சும்மா இருக்கா?" என்று அவனுக்குக் கண்கூடாகக் காட்டத்தான் முதல் ராணியைப் பிடித்தார். பாடப்புத்தகம் அலமாரியில் தயார். பாடம்தான் காலை வாரிவிட்டது. கூட்டம் பெருகி, அண்ணாச்சி லென்ஸும் கையுமாக உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, ஒரு சங்கதி அவரை உறுத்தியது. சில எறும்புகள் ஓடுகின்றன, முட்டையை நக்குகின்றன, கொசு பேட்டில் செத்த கொசுவை இழுக்கின்றன. மற்றவை நிற்கின்றன. காலையில் நின்ற இடத்தில் மாலையிலும் நிற்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருசம் சூப்பர்வைசர் கண்ணுக்குக் கீழே நின்றவருக்கு, நிற்கிறவன் எவன் என்று அடையாளம் தெரியாதா?

மருமகன் மொபைலிலேயே விடையைத் தேடி எடுத்துவிட்டான். அவன் தேடிக் கிடைத்த முதல் வேலை அது. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சிற்றெறும்பு இனத்தை ஒவ்வொன்றாகச் சாயப்புள்ளி வைத்துக் கவனித்ததில், ஏறத்தாழ 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தன. அதோடு விடவில்லை. 2017-ல் வெளிவந்த ஆய்வில், நன்றாக உழைக்கும் 20 சதவீதத்தைக் கூட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் சும்மா இருந்தவற்றில் சில எழுந்து அந்த வேலையைப் பிடித்துக்கொண்டன. சும்மா இருப்பவற்றை எடுத்தபோது அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. "நான் சோம்பேறி இல்ல மாமா, ரிசர்வ்" என்றான் மருமகன். சாலமோனும் மூப்பரும் இந்த இடத்தில் அண்ணாச்சிக்குக் கை கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் அண்ணாச்சியின் பேச்சில் ஒரு தளர்வு வந்தது. எறும்பு வளர்த்த லப்பக் என்ற வெள்ளைக்காரரை மருமகனே அறிமுகப்படுத்தி வைத்தான். லண்டன் வங்கிக்காரர், பார்லிமென்ட் உறுப்பினர். கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே எறும்புகளைக் குடிவைத்து, ஒரு ராணியை 15 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட உயிரோடு காப்பாற்றியவர். எறும்புகளுக்குச் சாராயம் ஊட்டி, போதையில் கிடப்பவற்றைக் கூட்டத்தார் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தார்: தம் கூட்டத்து ஆள் என்றால் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயின, வெளியாள் என்றால் தண்ணீரில் தள்ளிவிட்டன. சனிக்கிழமை இரவு கேம்ப்பிலும் இதே நடைமுறைதான் என்பதால் யாருக்கும் இது வியப்பாக இல்லை. மருமகனுக்குப் பிடித்த செய்தி வேறு: 1871-ல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவரும் அதே லப்பக்தான். "எறும்பைப் பாத்த மனுசன் லீவு குடுத்திருக்காரு மாமா. ஓவர்டைம் குடுக்கல."

நாக்காவில் கட்டிங் சாய் குடிக்கும்போது அண்ணாச்சி அரசியலும் பேசுவார், எறும்பு வழியாகத்தான். தென்னிந்தியாவில் துள்ளும் எறும்பு ஒன்று உண்டு. ஜெர்டான் என்ற டாக்டர் 1851-லேயே சென்னைப் பத்திரிகை ஒன்றில் எழுதிய இனம். அதில் ராணி செத்தால் வேலைக்காரிகளுக்குள் போட்டி. மீசையால் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டே இருப்பார்கள், வாரக் கணக்கில். ஜெயித்தவள் முட்டையிடத் தொடங்குவாள். அவள் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பதவியை இழந்து மறுபடி வேலைக்குத் திரும்பினால் மூளை பழையபடி வளர்ந்துவிடும் என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி நகர்சேவக், அதாவது கவுன்சிலர், ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்ப்பார். வாயால் எதுவும் சொல்லமாட்டார்.

2025-ல் இரண்டு தடவை அவருக்கு நெஞ்சு படபடத்தது. முதலாவது கென்யாச் செய்தி. ராணி எறும்புகள் ஐயாயிரத்தைப் பஞ்சு அடைத்த குழாய்களில் வைத்திருந்த இரண்டு பெல்ஜியப் பையன்கள் ஏப்ரலில் பிடிபட்டார்கள்; மே மாதம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம். ஐரோப்பாவில் வளர்ப்போர் சந்தையில் அந்த இனத்துக்கு நல்ல விலையாம். எதிர்வீட்டு ஆச்சி செய்தியை டிவியில் பார்த்துவிட்டு, சால் முழுக்கக் கேட்கும்படி, "ஒம்மையும் பிடிப்பானுவளாவே?" என்று விசாரித்தார். அண்ணாச்சி தன்னுடையவை தெருவிளக்கடியில் கிடைத்தவை, விலை போகாதவை என்று விளக்கினார். விலை போகாது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதை மனைவி குறித்து வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, கணக்கெடுப்பு. தாராவி மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய வேலை. கோலி கோலியாக அளந்து, எண் போட்டு, காகிதம் கேட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்புக்கு 350 சதுர அடி வீடு தாராவிக்குள்ளேயே இலவசம்; மாளாவில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை என்பதால் கேம்ப் முழுக்க இதே பேச்சு, பாதிப் பேருக்குத் தூக்கமில்லை. மொபைலும் டேப்பும் கையுமாக வந்த பையன் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். "மனுசரா?" என்று திருப்பிக் கேட்டார் அண்ணாச்சி. அலமாரியைப் பார்த்துவிட்டு அவனும் விடவில்லை: "எப்ப வந்தாங்க?" ராணி வந்தது கொரோனாவுக்குப் பிந்தைய மழைக்கு. மருமகன் வந்தது அதற்கும் பிறகு. இருவரும் மாளாவாசிகள். தகுதியில்லை என்று அண்ணாச்சி தானே தீர்ப்புச் சொன்னார். காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க வரிசையில் நின்றது யார் என்று கேட்கவேண்டாம், அந்த அம்மாதான்.

அந்த அலைச்சல் ஓய்ந்ததும் அந்த அம்மா ஊரில் அம்மன் கோயில் கொடைக்கென்று நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினார். ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போன அண்ணாச்சி திரும்பும்போது மருமகனிடம் ஆராய்ச்சியை நினைவூட்டினார்: உழைக்கிற ஆள் கூட்டை விட்டுப் போனால் சும்மா இருப்பவன் எழுந்து வேலையைப் பிடிப்பான், அரிசோனாவில் நிரூபித்திருக்கிறார்கள். மருமகன் ஆமோதித்தான், ஆனால் அதில் வயது வரம்பு ஏதும் சொல்லவில்லையே, நீங்களும் சும்மாதானே இருக்கிறீர்கள் மாமா என்றான். விடியக்காலம் தண்ணீர் வந்தது. இவன் எழுவான் என்று அவரும், அவர் எழுவார் என்று இவனும் போர்வைக்குள் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். தண்ணீர் நின்றது. ஆச்சி வாசலில் உட்கார்ந்து நாள்தோறும் இதைக் கவனித்து, பக்கத்து வீடுகளுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். "நாப்பது சதவீதம் இல்லவே, இங்க நூறு" என்பது அவருடைய முடிவு. சாப்பாடு வடாபாவ், குளியல் பொதுக் கழிப்பறைக் குழாயில், ஆள் இல்லாத நேரம் பார்த்து.

அந்த அம்மா திரும்பி வந்தபோது குடம், டிரம், பக்கெட் மூன்றும் காய்ந்து கிடந்தன. கழுவாத தட்டை நோக்கி எங்கிருந்தோ வந்த தெரு எறும்பு சாரை பிடித்திருந்தது. அதை மாமனும் மருமகனும் குப்புறப் படுத்து லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தார். சோதனைக் குழாய் ஒவ்வொன்றிலும் அடி வரை தண்ணீர், பஞ்சு புதுசு. ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"இன்னிக்கு ரெண்டு பேரும் இந்தக் குழாய்லயே குளிச்சிக்கிடுங்க."