ஒரு கிலோ மைசூர்பாகுக்கு அனுமதி கோரி

பெறுநர்: பணியாளர் மற்றும் ஆட்சிச் சீர்திருத்தத் துறை, விதான சௌதா, பெங்களூரு.

ஐயா,

மைசூரில் குடியிருக்கும், ஒழுங்காக வரி கட்டும் தமிழன் எழுதிக்கொள்வது. வீட்டுக் காத்தா (சொத்துவரிப் பதிவு) மாற்றத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறேன். குமாஸ்தா தங்கமான மனிதர். ரேட் எதுவும் பேசவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி "ஸ்வல்ப நோட்கொள்ளி சார்" என்றார்; கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். கவனித்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்து, சட்டப்படி கவனிக்க ஆசை.

விதிகளைப் புரட்டினேன். முன் அனுமதி இல்லாமல் ஐ.ஏ.எஸ். அதிகாரி 5,000 ரூபாய் வரை அன்பளிப்பு வாங்கலாம்; மத்திய அரசின் 'சி' பிரிவு ஊழியர் என்றால் 2,000. பதவி ஏற ஏற மனசாட்சியின் தாங்குசக்தியும் ஏறும் என்று கணக்குப் போட்டவருக்கு என் வணக்கம். சாதாரணச் சாப்பாடும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் அன்பளிப்பே இல்லையாம். காரியம் ஆகவேண்டியவர் வீட்டுத் தடபுடல் விருந்தை மட்டும் தவிர்க்கவேண்டும். மட்டன் புலாவ் இதில் எந்தக் கணக்கு?

எங்கள் ஊர்க்காரர் சித்தராமையா ஒரு வழி காட்டியிருக்கிறார். முதல்வராக இருந்தபோது துபாய் நண்பர் தந்த வைரம் பதித்த ஹூப்லோ கைக்கடிகாரம் பெரிய ரகளையானது. 70 லட்சம் பெறும் என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். 2016 மார்ச்சில் அதைப் பேரவைத் தலைவர் காகோடு திம்மப்பாவிடம் ஒப்படைத்து அரசு உடைமையாக்கச் சொல்லிவிட்டார். அதே மாதம் பிறந்த ஊழல் தடுப்புப் பிரிவை 2022இல் உயர் நீதிமன்றமே இழுத்து மூடிவிட்டது. கடிகாரமாவது சௌக்கியமா? சாவி கொடுப்பது எந்தத் துறை?

2023இல் மறுபடி முதல்வரானதும், பூ, சால்வை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்றார். நானும் குமாஸ்தாவுக்கு ஒரு புத்தகம் கொடுத்தேன். முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறிப் பார்த்தார். எதுவும் விழவில்லை. திருப்பித் தந்துவிட்டார்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவனுக்கும் 7 ஆண்டு வரை சிறை. கட்டாயத்தால் கொடுத்தேன் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்திருக்கவேண்டும். அதிகாரி எடுத்த முடிவைப் போலீஸ் கிளறவேண்டுமானால் மட்டும் முதலில் மேலிட அனுமதி. அதற்கு 3 மாதம், போதாவிட்டால் இன்னொரு மாதம். என் காத்தா கோப்பு ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்கு 7 நாளில் போனதாகச் சரித்திரமே இல்லை. நான் மட்டும் அதற்குள் கொடுத்து, வருந்தி, போலீசுக்கும் ஓடவேண்டுமா? அந்த 3 மாத அவகாசத்தை எனக்கும் தயவுசெய்து நீட்டிக்கவும்.

முடியாதென்றால் மைசூர்பாகைப் பேரவைத் தலைவரிடமே ஒப்படைத்துவிடுகிறேன். நெய்ப் பண்டம், சிக்குவாடை அடிப்பதற்குள் பதில் போடவும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: கடை ரசீதின் நகல், சான்றொப்பமிட்டது. ஒப்பமிட்ட அதிகாரி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். சாதாரணச் சாப்பாடு என்று அவரே சொன்னார்.