டி, ஈ, ஏ: மூன்றெழுத்துத் தில்லுமுல்லு

ஹட்டன் என்பதை இங்கிலீஷில் எழுதி, எழுத்துகளைச் சோழி மாதிரி குலுக்கிப் போட்டால் 'ஹொட் டேன்' என்று விழுகிறது. அதாவது கொதிக்கிற வெயிலில் தோல் கறுத்துப்போவது. ஸ்வெட்டரும் குடையுமாகத் திரிகிற ஊருக்கு எப்பேர்ப்பட்ட ஆரூடம் பாருங்கள்!

எழுத்தைக் கலைத்துக் குறி சொல்லும் இந்தக் கலைக்கு அனகிராம் என்று பெயர். மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு எந்தச் சொல்லைக் கலைப்பது? வேறென்ன, டீயைத்தான். டி, ஈ, ஏ, மூன்றே எழுத்து. ஒருதரம் கலைத்தால் 'ஈட்', சாப்பிடு. இன்னொரு தரம் கலைத்தால் 'ஏட்', சாப்பிட்டாச்சு. விடியக்காலையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியையே சாப்பாடாகக் கணக்குப் பண்ணிக்கொண்டு மலைக்கு ஓடிய நம்ம சனம், இதை டிக்‌ஷனரி இல்லாமலே கண்டுபிடித்துவிட்டது.

இத்தனைக்கும் அது இங்கிலீஷ்காரன் வீட்டுச் சொல்லே இல்லை. சீனாவின் ஃபுஜியன் கரையோரத்து ஹொக்கியன் பேச்சில் 'தே'. மற்றச் சீனர்கள் பலருக்கு 'சா'. ஒல்லாந்தர் ஹொக்கியன் வியாபாரிகளிடம் வாங்கியதால் 'தே'யை ஏற்றிக்கொண்டு போனார்கள். மக்காவோவில் கடை போட்ட போர்த்துக்கீசர் 'சா'வைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பலில் போனால் டீ, ஒட்டகத்தில் போனால் சாய் என்று பண்டிதர்கள் அழகாக ஒரு சூத்திரம் போட்டு வைத்தார்கள். கடலை வாசலிலேயே வைத்துக்கொண்டு 'சாயா' கேட்கும் மலையாளி, ஒரே மடக்கில் அதைக் குடித்துத் தீர்த்துவிட்டார்.

நாம் சண்டை பிடிக்கவில்லை. 'தே' வந்ததும் இலையை ஒட்டித் தேயிலை, தண்ணியை ஊற்றித் தேத்தண்ணி. சீன மாப்பிள்ளை, தமிழ்ப் பொண்ணு. ஜாதகம்கூடப் பார்க்கவில்லை.

இங்கிலீஷ்காரருக்கு மட்டும் அதை எப்படி உச்சரிப்பது என்பதில் நெடுநாள் குழப்பம். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்ஸாண்டர் போப், 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக டீயைப் போட்டிருக்கிறார். அதாவது அன்றைய கனவான்கள் சொன்னது 'டே'! அந்தச் சீமான்களில் ஒருவர் இன்றைக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தேத்தண்ணிக் கடையைப் பார்த்து நாகரிகமாக "டே" என்று கேட்டிருந்தால், டீ கிடைத்திருக்காது. வேறு ஏதாவது கிடைத்திருக்கும்.

இன்னொரு குலுக்கல்: ஈ, டி, ஏ. கப்பல் வந்து சேரும் உத்தேச நேரம். 1866இல் சீனாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலைக் கப்பல்கள் ரேஸ் விட்டன. முதலில் வருகிற சரக்குக்கு எக்ஸ்ட்ரா காசு. ஊரே பந்தயம் கட்டியது, ஐபிஎல் ஃபைனல் தோற்றுப்போகும். 99 நாள் கடலில் உயிரை விட்டு ஓடி, 'டேப்பிங்' துறைக்குள் நுழைந்தது 28 நிமிடம் முன்னாடி. பின்னாலேயே 'ஏரியல்'. வழக்கு வந்து காசே கைக்கு வராமல் போய்விடுமோ என்று பயந்த முதலாளிமார், பரிசை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பாய் விரித்தது எதற்கு?

அப்போதெல்லாம் இலங்கை மலையில் பெரிதாக டீ கிடையாது, கோப்பிதான். 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சணம் பிடித்தது. விஞ்ஞானிகள் 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது வாயில் நுழையாத தொரைமார் 'டெவஸ்டேட்டிங் எமிலி' ஆக்கிவிட்டார்கள், நாசகாரி எமிலி! சொத்தெல்லாம் மக்கிப் போகிற நேரத்திலும் பழியை ஒரு பொம்பளை பேரில் எழுத மறக்காத ஆம்பிளைகள்.

எமிலி வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867இல், லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு வைத்திருந்தார் ஜேம்ஸ் டெய்லர். 'இலங்கைத் தேயிலையின் தந்தை' என்று சிலை வைக்கிற ஆள். அவருடைய முதல் ஃபேக்டரி எது தெரியுமா? பங்களா விறாந்தை. மேசையில் இலையைப் பரப்பிக் கையாலேயே உருட்டினார்கள். உருட்டிய கைகள் யாருடையவை என்பதைச் சிலைக்கு அடியில் எழுத இடம் போதவில்லை.

மனுஷன் நல்லவர்தான், கொஞ்சம் கிறுக்கு. நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு லீவு எடுத்தார். எங்கே போனார்? டார்ஜிலிங்குக்கு, தேயிலை பார்க்க! 1892இல் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று அங்கேயே செத்துப்போனார். ஆள் 246 இறாத்தல். கண்டி மயானம் வரைக்கும் 24 பேர் முறை வைத்துச் சுமந்து நடந்தார்களாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்குக்குப் 'பேர்' என்று பேர். அன்றைக்குச் சுமந்தவர்களுக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேரா என்று செக்ரோல் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும்.

டெய்லரின் பெயரோடு ஒரே ஒரு 'வை' சேர்த்துக் கலைத்துப் பாருங்கள், 'ராயல்டி' வரும். அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் கடைசி வரைக்கும் கொடுப்பினை இல்லை.

அந்த எழுத்தைக் காசாக மாற்றத் தெரிந்தவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ பலசரக்குக் கடைக்காரர். 1890இல் இலங்கைக்கு வந்தார், தோட்டங்களை வாங்கினார், இலையைப் பெக்கெட்டில் போட்டார், 1898இல் 'சர்' ஆனார். இன்ஸ்டாகிராம் இல்லாத காலத்து இன்ஃப்ளூயன்சர். லிப்டன் என்ற பெயருக்குள் 'பைலட்' ஒளிந்திருக்கிறது, கடைசி எழுத்தைக் கழற்றிவிட்டுக் கலையுங்கள். அந்தத் தைரியமோ என்னவோ, அமெரிக்கா கப் பாய்மரப் போட்டியில் 1899 தொடங்கி 1930 வரை ஐந்து தரம் இறங்கினார். ஐந்து தரமும் தோல்வி. பரிதாபப்பட்ட அமெரிக்கர்கள் காசு சேர்த்து அவருக்கென்றே தனியாக ஒரு தங்கக் கப் செய்து கொடுத்தார்கள். உலகத்துக்கே கப் கப்பாக ஊற்றிய மனுஷனுக்கு, ஒரு கப் கிடைக்க ஊர் கூடி வசூல் பண்ண வேண்டியிருந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த குலுக்கல். 'எஸ்டேட்'டின் ஆறு எழுத்தையும் ஒன்றுவிடாமல் மாற்றி அடுக்குங்கள்: 'டீ செட்'! எழுத்தெல்லாம் அதேதான், இருக்கிற இடம்தான் வேறு. பங்களாவில் டீ செட், கீழே எஸ்டேட். ஹோலிரூட், கிளென்லயன் என்று ஊர் ஞாபகத்தில் பெயர் வைத்துக்கொண்ட தொரைமாருக்கு, தமிழ் படிக்க அந்தக் காலத்தில் ஃபெர்குசன் என்பவர் ஒரு கைப்புத்தகம் போட்டார். தலைப்பு என்ன? 'இங்கே வா'. இலக்கணமெல்லாம் பிறகு, முதலில் ஆள் வரட்டும்.

கலைக்கிற வித்தை இங்கிலீஷுக்கு மட்டும் சொந்தமா? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் 'லைன்' நம் வாயில் லயம் ஆனது. சங்கீதக்காரர் கேட்டால் தாளக்கட்டு என்று தலையாட்டுவார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே தாளம் தப்பாமல் புரண்டு படுக்க வேண்டும், அந்தக் கட்டு. அதற்கு ஒரு துணைக்கால் போட்டால் லாயம். தொரையின் குதிரைக்கு அந்த ஒரு கால் கூடுதலாகவே கிடைத்தது.

ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், அரைத்துச் சலிக்கிற தூளுக்கு வைத்த பெயர்களைக் கேட்டால் இன்னும் கூத்து. 'புரோக்கன் ஒரேஞ்ச் பெக்கோ'. அதில் ஒரேஞ்ச் கிடையாது. பெக்கோ என்றால் ஹொக்கியனில் கொழுந்து நுனியின் வெள்ளைப் பூமயிர். லண்டன் சீமாட்டி சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு உறிஞ்சியது, உடைந்த மயிர்த் தண்ணி! சல்லடையின் அடியில் கடைசியாக விழுந்து, பெரும்பாலும் லயத்துக்கு வந்து சேர்கிற தூளுக்கு மட்டும் எவரும் சீனப் பெயர் தேடவில்லை. வெறும் 'டஸ்ட்'. அதையும் விடாமல் கலைத்துப் பார்த்தேன். 'ஸ்டட்' வருகிறது, மூக்குத்தி! அது இந்நேரம் ஹட்டன் அடகுக்கடையில் இருக்கும்.