மறுஅச்சு உத்தரவாதம், நிபந்தனைகளுக்கு உட்பட்டது

"திருப்தி இல்லையென்றால் மறுபடி அச்சடித்துத் தருகிறோம்" என்று அச்சகங்கள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. அடியில் பொடி எழுத்தில் இருப்பதுதான் நிஜமான உத்தரவாதம்: நிறம் சற்று மாறினால் பொறுப்பில்லை, வெட்டும்போது ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பொறுப்பில்லை, புரூஃபில் நீங்கள் ஓகே சொன்ன பிழைக்குச் சத்தியமாகப் பொறுப்பில்லை. இவையெல்லாம் போனால் அச்சில் கெடுவதற்கு மிச்சம் என்ன? தாள் வெள்ளையாகவே வந்து சேர்ந்தால் மாற்றித் தருவார்கள் போலும். 1631-இல் லண்டனில் அச்சான பைபிள் ஒன்றில் ஒரேயொரு சிறு சொல் விடுபட்டு, விபச்சாரத்தைத் தடுக்க வேண்டிய கட்டளை அதைச் செய்யவே சொன்னது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம். பாவம், பொடி எழுத்தின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை.

அச்சகத்தார் பக்கமும் நியாயம் உண்டு. திரையில் ஒளியாக மின்னும் நிறம், தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளில் மங்கத்தான் செய்யும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பேனர் அளவுக்கு இழுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் முன்பணம் வாங்கும்போதே தெரிந்த சங்கதி. பார்சலைப் பிரித்த பிறகா பாடம் நடத்துவது? அதோடு, கல்யாணப் பத்திரிகைக்குத் தேதி என்று ஒன்று உண்டு. முகூர்த்தம் முடிந்தபின் வரும் மறுஅச்சைத் தாம்பாளத்தில் வைத்து யாரை அழைப்பது? ஆகவே, தாளில் அடித்த மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். செல்போன் திரையைப் பார்த்து ஓகே அனுப்பாதீர்கள்.